செஸ் சொல்லிக் கொடுப்பது ஒரு முழுநேர வேலையா? மானுவல் ஆரோன் முதல் ஆர்.பி.ரமேஷ் வரை

2024 டிசம்பர் 12. சிங்கப்பூரில் டிங் லிரெனை 7.5–6.5 என்று வீழ்த்தி 18 வயதில் உலக சாம்பியன் ஆனார் குகேஷ். அன்று இரவே சமூக ஊடகங்களில் இன்னொரு போட்டி தொடங்கிவிட்டது. ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு 'நம்ம தெலுங்குப் பையன்' என்ற பொருளில் வாழ்த்துச் சொன்னார். தமிழ்நாடு முதல்வர் ஸ்டாலினோ, உலகின் செஸ் தலைநகர் என்ற சென்னையின் இடத்தை இந்த வெற்றி உறுதிசெய்கிறது என்று எழுதினார். குகேஷ் யார் வீட்டுப் பிள்ளை? தெலுங்கா, தமிழா? இரண்டு நாள் டைம்லைன் முழுக்க இதுதான்.

நீங்கள் சித்தூர், திருப்பதி பக்கத்து ஆள் என்றால் இந்தச் சண்டையைப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். புத்தலப்பட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சித்தூரிலிருந்து திருப்பதி போகும் வழியில், காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவாகும் முன்பு இந்தப் பக்கமெல்லாம் வட ஆற்காடு. வீட்டில் ஒரு மொழி, பள்ளிக்கூடத்தில் ஒரு மொழி, சந்தையில் இரண்டும் கலந்து என்பது இங்கே அதிசயமே இல்லை.

குகேஷ் தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர், பிறந்து வளர்ந்தது சென்னை. இரண்டு முதல்வர்கள் சொன்னதும் சரிதான். ஆனால் ஒரு டேட்டா ஜர்னலிஸ்ட்டாக எனக்கு உறுத்துவது வேறு கேள்வி. ஏழு வயதில் அவர் காய்களைத் தொட்டபோது, பக்கத்தில் சொல்லிக் கொடுக்க யார் இருந்தார்கள்? அதே குடும்பம் சென்னையில் இல்லாமல் புத்தலப்பட்டில் இருந்திருந்தால், அந்த ஆள் கிடைத்திருப்பாரா?

இந்தக் கட்டுரை அந்த 'ஆள்' பற்றியது. செஸ் ஆடுகிறவர்களைப் பற்றி நிறையப் படித்துவிட்டோம். செஸ்ஸைப் பரப்புவதையும் சொல்லிக் கொடுப்பதையுமே வாழ்க்கையாக எடுத்துக்கொண்டவர்கள் எப்படி உருவாகிறார்கள், அவர்களுக்கு என்ன கிடைக்கிறது, என்ன கிடைப்பதில்லை?

ஆரோன் என்ற முதல் ஆள்

மானுவல் ஆரோன் 1935-இல் பர்மாவின் டவுங்கூவில் பிறந்தவர், தமிழ்நாட்டில் வளர்ந்தவர். 1961-இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். 1959-க்கும் 1981-க்கும் இடையில் ஒன்பது முறை தேசிய சாம்பியன். 1962-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த இன்டர்ஸோனல் போட்டியில், அன்றைய பெரிய தலைகளான லாயோஸ் போர்ட்டிஷையும் வோல்ஃப்கேங் உல்மனையும் தோற்கடித்தார். அர்ஜுனா விருது பெற்ற முதல் செஸ் வீரரும் அவர்தான்.

இதெல்லாம் விக்கிபீடியாவில் கிடைக்கும். நான் சொல்ல வருவது ஒரே ஒரு எண்ணைப் பற்றி: 17. ஆரோனுக்கு அடுத்து இந்தியாவுக்கு இரண்டாவது இன்டர்நேஷனல் மாஸ்டர் கிடைக்க 17 வருடம் ஆனது. 1978-இல்தான் வி.ரவிக்குமார் அந்தப் பட்டத்தைப் பெற்றார், அவரும் தமிழ்நாட்டுக்காரர்.

ஏன் அவ்வளவு தாமதம்? திறமைசாலிகள் இல்லாமல் போகவில்லை. ஒரு பெரிய காரணம், நம் ஊரில் பலர் ஆடிக்கொண்டிருந்தது வேறு ஆட்டம். உங்கள் தாத்தா ஆடிய சதுரங்கம் ஞாபகம் இருக்கா? அதில் சிப்பாய் முதல் நகர்விலேயே இரண்டு கட்டம் தாவாது. ராஜா ஒரே ஒரு முறை குதிரை மாதிரி பாயலாம். இன்றைக்கு நாம் 'காஸ்லிங்' என்று சொல்வது அந்த ஆட்டத்தில் கிடையாது. கடைசி வரிசைக்குப் போன சிப்பாய் எந்தக் காயாக மாறும் என்பதுகூட அது எந்தக் கட்டத்தில் போய் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. ஊருக்கு ஊர் விதி மாறும். இந்த விதிகளில் பழகிய ஒரு புலியைக் கொண்டுபோய் சர்வதேசப் போட்டியில் உட்கார வைத்தால், முதல் பத்து நகர்விலேயே தடுமாறும். சர்வதேச விதிகள், திறப்பாட்டப் புத்தகங்கள், நகர்வுகளை எழுதிவைக்கும் பழக்கம் ஆகியவற்றை இங்கே பரப்பியதில் ஆரோனின் பங்கு பெரியது. சுருக்கமாகச் சொன்னால், ஏற்கெனவே ஆடத் தெரிந்தவர்களுக்கு மறுபடி ஆடக் கற்றுக் கொடுக்க வேண்டியிருந்தது. புதிதாகக் கற்றுக் கொடுப்பதைவிட இது கஷ்டம் என்பது, பைக் ஓட்டிப் பழகியவர்களுக்குக் கார் சொல்லிக் கொடுத்த எவருக்கும் தெரியும்.

1972-இல் சென்னை கஸ்தூரி ரங்கா சாலையில் இருந்த சோவியத் கலாச்சார மையத்தில் 'தால் செஸ் கிளப்' தொடங்கியது. பெயர், முன்னாள் உலக சாம்பியன் மிகைல் தாலுடையது. பாபி ஃபிஷரும் போரிஸ் ஸ்பாஸ்கியும் ரெய்க்யவிக்கில் மோதி, பனிப்போரே 64 கட்டத்தில் நடப்பதாக உலகம் பேசிக்கொண்டிருந்த அதே வருடம். புத்தகங்களும் போர்டுகளும் சோவியத் தரப்பிலிருந்து வந்தன. அன்றைக்கு ஒரு நல்ல செஸ் புத்தகம் வாங்குவது என்பது வெளிநாட்டுச் சொந்தக்காரர் இருக்கிறவர்களுக்கு மட்டுமே சாத்தியமான காரியம் என்பதை மறந்துவிட வேண்டாம்.

அந்த கிளப்புக்கு வந்துபோன ஒரு சிறுவன்தான் விஸ்வநாதன் ஆனந்த். அங்கே 'பிளிட்ஸ்' ஆட்டத்தில் ஒரு பழக்கம் இருந்தது: ஜெயித்தவர் உட்கார்ந்திருப்பார், தோற்றவர் எழுந்துபோய் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். இருக்கையைவிட்டு எழாமல் இருக்க வேண்டுமென்றால் வேகமாகவும் ஆடணும், தோற்கவும் கூடாது. ஆனந்தின் பிரசித்தி பெற்ற வேகத்துக்கு இந்த வரிசைக்கும் பங்கு உண்டு. யாரும் உட்கார்ந்து பாடத்திட்டம் போடவில்லை. ஒரு அறை, சில போர்டுகள், நேரம் தவறாமல் வரும் பத்துப் பேர், எல்லாவற்றையும் திறந்துவைக்க ஒரு ஆள். பரப்புவது என்றால் பெரும்பாலும் இவ்வளவுதான். ஆனால் அந்த 'ஒரு ஆள்' வருடக்கணக்கில் சலிக்காமல் வர வேண்டும்.

ஆரோன் அதோடு நிற்கவில்லை. சங்க நிர்வாகம், பயிற்சி, எழுத்து என்று தொடர்ந்தார். விஜய் பண்டிட்டுடன் சேர்ந்து இந்திய செஸ் வரலாற்றைத் தனிப் புத்தகமாகவே எழுதினார்.

3-லிருந்து 85-க்கு

1988-இல் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 1999 முடியும்போது நாட்டில் மொத்த கிராண்ட்மாஸ்டர்கள் எத்தனை தெரியுமா? மூன்றே பேர்: ஆனந்த், திப்யேந்து பருவா, பிரவீண் திப்சே. 2024 மே மாதத்தில் தமிழ்நாட்டின் ஷியாம் நிகில் 85-வது கிராண்ட்மாஸ்டர் ஆனார். இந்தப் பட்டியலில் சுமார் மூன்றில் ஒரு பங்கு தமிழ்நாடு.

முதல் 12 வருடத்தில் 3 பேர், அடுத்த 24 வருடத்தில் 82 பேர். 'ஆனந்தைப் பார்த்து எல்லோரும் ஆட வந்தார்கள்' என்பது வழக்கமான விளக்கம். பாதி உண்மை. ஆனந்தைப் பார்த்து ஆட வந்தவர்களில் சிலர், ஒரு கட்டத்தில் ஆடுவதை நிறுத்திவிட்டு சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார்கள் என்பது மீதிப் பாதி. அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

ரமேஷ் எடுத்த முடிவு

ஆர்.பி.ரமேஷ் 1976-இல் பிறந்தவர். ஆனந்த் கிராண்ட்மாஸ்டர் ஆன செய்தியைப் பார்த்து, 12 வயதில் செஸ்ஸுக்கு வந்தவர். இன்றைய அளவுகோலில் அது ரொம்பவே லேட். பிரக்ஞானந்தா 12 வயதில் கிராண்ட்மாஸ்டரே ஆகிவிட்டார், குகேஷும் அப்படித்தான். ஆனாலும் ரமேஷ் 2002-இல் பிரிட்டிஷ் சாம்பியன், இந்தியாவின் 10-வது கிராண்ட்மாஸ்டர், 2007-இல் காமன்வெல்த் சாம்பியன். கையில் பொதுத்துறை எண்ணெய் நிறுவன வேலை. விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் அந்த மாதிரி வேலை நம் வீடுகளில் எப்படிப் பார்க்கப்படும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அதை அவர் விட்டார். 2008-இல் மனைவி ஆர்த்தி ராமசாமியுடன் சேர்ந்து சென்னையில் 'செஸ் குருகுல்' தொடங்கினார். ஆர்த்தியும் சாதாரண ஆள் இல்லை, 1999-இல் 18 வயதுக்குட்பட்ட பெண்கள் பிரிவில் உலக சாம்பியன். ரமேஷுக்கு அப்போது 32 வயது. உங்களில் பலரின் வயது. ஆடிக்கொண்டே பகுதிநேரமாகப் பயிற்சி தருவதையும் விட்டு, போட்டி ஆட்டத்தையே கிட்டத்தட்ட முடித்துக்கொண்டு முழுநேரப் பயிற்சியாளர் ஆவது இன்னொரு முறை வேலையை விடுவது மாதிரி. அந்த இரண்டாவது ராஜினாமாதான் கடினமானது என்று நினைக்கிறேன். சம்பளத்தை வேறு வழியில் ஈடுகட்டலாம். ரேட்டிங் இறங்குவதை வேடிக்கை பார்க்க வேறு மாதிரி மனசு வேணும்.

பலன்? பிரக்ஞானந்தா, அவருடைய அக்கா வைஷாலி, அரவிந்த் சிதம்பரம், கார்த்திகேயன் முரளி என்று பட்டியல் போகும். 2023 டிசம்பரில் வைஷாலி கிராண்ட்மாஸ்டர் ஆனபோது, அக்கா–தம்பி இருவரும் அந்தப் பட்டத்தை வைத்திருக்கும் முதல் ஜோடி உலகத்துக்குக் கிடைத்தது. 2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த 44-வது செஸ் ஒலிம்பியாடில், இளைஞர்கள் நிறைந்த இந்திய 'பி' அணிக்கு ரமேஷ்தான் பயிற்சியாளர். அந்த அணி வெண்கலம் வென்றது. முதல் போர்டில் ஆடிய 16 வயது குகேஷுக்குத் தனிநபர் தங்கம்.

அவருடைய பாடத்தின் மையம் கணக்கிடுதல். நான் இதை ஆடினால் அவர் என்ன ஆடுவார், அதற்கு நான் என்ன என்று காயைத் தொடாமல் மனசுக்குள்ளேயே நகர்த்திப் பார்ப்பது. இதைப் பற்றியே தனிப் புத்தகம் எழுதியிருக்கிறார். குகேஷின் நீண்டகாலப் பயிற்சியாளர் கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா இன்னும் ஒரு படி மேலே போனார்: குகேஷ் ஏறத்தாழ 2500 ரேட்டிங்கைத் தொடும் வரை கம்ப்யூட்டர் இன்ஜினைத் தொடவே விடவில்லை. எல்லாக் குழந்தைகளும் இன்ஜினோடு வளரும் காலத்தில் இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்திருக்கும். கோட் எழுதுகிறவர்களுக்கு இது புரியும். ஏஐ கருவி விடையைச் சொல்லிவிட்டால், விடை தெரியாமல் அரை மணி நேரம் தவிக்கும் பயிற்சி போய்விடுகிறது. விஷ்ணு காப்பாற்றியது அந்தத் தவிப்பைத்தான்.

சரி, கோச்சுக்கு என்ன கிடைக்கிறது?

துரோணாச்சார்யா விருதுப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். செஸ்ஸுக்கு 1986-இல் ரகுநந்தன் கோகலே, 2006-இல் கோனேரு அசோக், 2023-க்கான விருதில் ஆர்.பி.ரமேஷ். 37 வருடத்தில் மூன்று பேர். அதே காலத்தில் நாடு எத்தனை கிராண்ட்மாஸ்டர்களை உருவாக்கியது என்று மேலே பார்த்தோம்.

இதில் கோனேரு அசோக்கின் கதை ஆந்திரக் கதை. கல்லூரியில் வேதியியல் சொல்லிக் கொடுத்தவர், மகள் ஹம்பிக்காக அந்த வேலையை விட்டார். குடிவாடாவில் பிறந்த ஹம்பி 2002-இல் 15 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அன்றைக்கு உலகின் மிக இளம் பெண் கிராண்ட்மாஸ்டர் அவர்தான். 2019-லும் 2024-லும் உலக ரேபிட் சாம்பியன். குகேஷின் அப்பாவும் காது–மூக்கு–தொண்டை மருத்துவத் தொழிலை நிறுத்திவிட்டு மகனோடு ஊர் ஊராகப் போனவர். இந்தியாவில் ஒரு செஸ் சாம்பியனுக்குப் பின்னால் யாரோ ஒருவர் வேலையை விட்டிருக்கிறார், பெரும்பாலும் அது வீட்டுக்குள்ளேயே நடந்திருக்கிறது. வீட்டில் இரண்டாவது சம்பளம் இல்லாதவர்களுக்கு இந்த வழியே கிடையாது. அப்போது வெளியிலிருந்து ஒரு ஆசிரியர் வேண்டும்.

இப்போது பணத்துக்கு வருவோம். கால்பந்தில் ஒரு வீரர் ஒரு கிளப்பிலிருந்து இன்னொரு கிளப்புக்கு விற்கப்படும்போது, ஃபிஃபா விதிப்படி அந்தத் தொகையில் 5% வரை, அவரை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தரப்படும். ஏதோ ஒரு சின்ன ஊர் கிளப்பில் பந்து உதைக்கக் கற்றுக்கொண்ட பையன் பெரிய தொகைக்குப் போனால், அந்த ஊர் கிளப்புக்கும் காசு வரும். செஸ்ஸில் இப்படி ஒரு ஏற்பாடே இல்லை. காரணம் எளிது: இங்கே வீரரை யாரும் 'வாங்குவதில்லை'. மாணவர் 1800 ரேட்டிங்கில் ஒரு கோச்சிடமிருந்து இன்னொருவரிடம் போவார், 2300-இல் மூன்றாவது ஆளிடம், 2600-இல் வெளிநாட்டுக்காரரிடம். மேடையில் கடைசி ஆள் பெயர் வரும். காய் நகர்த்தக் கற்றுக் கொடுத்தவர் பெயரை மாணவர் நன்றியோடு சொன்னால்தான் உண்டு. அரசின் பதக்கப் பரிசுத் திட்டங்களில் பயிற்சியாளருக்குப் பங்கு இருக்கிறது, ஆனால் அது பதக்கம் வந்த பிறகு.

ஆகவே அடிமட்டத்தில் சொல்லிக் கொடுப்பவரின் வருமானம் மாதக் கட்டணம், பள்ளி ஒப்பந்தம், கோடை முகாம், ஆன்லைன் வகுப்பு ஆகியவற்றில் நிற்கிறது. கோவிட் காலத்துக்குப் பிறகு ஆன்லைன் வகுப்பு பலருக்குக் கைகொடுத்தது. ஆனால் இதில் ஒரு விநோத விளைவு உண்டு. அமெரிக்காவில் இருக்கும் நம் ஊர்க் குழந்தைக்கு ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தால் டாலரில் வரும். அதே ஒரு மணி நேரத்தைப் பக்கத்துத் தெருக் குழந்தைக்குக் கொடுத்தால் எவ்வளவு வரும் என்று யோசித்துப் பாருங்கள். நல்ல கோச்சுகள் ஊரில் உட்கார்ந்திருந்தாலும் ஊருக்குக் கிடைக்காமல் போவது இப்படித்தான்.

தகுதிச் சான்றிதழ்களும் உண்டு. ஃபிடே, அதாவது சர்வதேச செஸ் கூட்டமைப்பு, பயிற்சியாளர்களுக்குப் படிநிலைப் பட்டங்கள் வைத்திருக்கிறது. மேலே சீனியர் டிரெய்னர், அதன் கீழே டிரெய்னர், இன்ஸ்ட்ரக்டர், நேஷனல் இன்ஸ்ட்ரக்டர், டெவலப்மென்டல் இன்ஸ்ட்ரக்டர். கீழ்ப் படிகளுக்கு கிராண்ட்மாஸ்டராக இருக்கத் தேவையில்லை. ஆரம்பநிலைக் குழந்தைகளுக்கு 2500 ரேட்டிங் ஆசிரியர் தேவையும் இல்லை. ஆறு வயதுக் குழந்தை தோற்று அழும்போது என்ன செய்வது என்று தெரிந்தவர் போதும்.

ஆடிக்கொண்டிருக்கும் வயதிலேயே இந்தப் பக்கம் வருபவர்கள் இப்போது அதிகம். 2024 புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் தங்கம் வென்ற இந்திய ஓபன் அணியின் கேப்டன், சென்னைக்காரரான ஸ்ரீநாத் நாராயணன். 12 வயதுக்குட்பட்டோர் உலக சாம்பியனாக இருந்தவர். கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்தபோது வயது 30.

'கணக்கு நல்லா வரும்' உண்மையா?

செஸ் வகுப்பு விளம்பரங்களில் தவறாமல் வரும் வாக்குறுதி இது. பிரிட்டனில் இதை முறையாகச் சோதித்தார்கள். 100 பள்ளிகள், 4,000-க்கும் மேற்பட்ட 9–10 வயது மாணவர்கள். பாதிப் பள்ளிகளில் பள்ளி நேரத்திலேயே சுமார் 30 மணி நேர செஸ் பாடம், மீதிப் பள்ளிகளில் வழக்கம்போல. பாடம் முடிந்து ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் கணக்கு மதிப்பெண்ணில் வித்தியாசம் இல்லை. வாசிப்பிலும் இல்லை, அறிவியலிலும் இல்லை. முடிவுகள் 2016-இல் வெளியாயின.

இதைச் சொன்னால் செஸ் நண்பர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். பரவாயில்லை. கணக்கு மார்க்குக்காக செஸ் என்று விற்பது ஆசிரியருக்கே ஆபத்து. அடுத்த தேர்வில் மார்க் ஏறவில்லை என்றால் முதலில் நிறுத்தப்படுவது செஸ் வகுப்புதான். ஆர்மீனியா 2011 முதல் பள்ளிகளில் 2 முதல் 4-ஆம் வகுப்பு வரை செஸ்ஸைக் கட்டாயப் பாடமாக்கியது. அங்கே அது ஓவியம், இசை மாதிரி தனக்காகவே ஒரு பாடம். ஒரு மணி நேரம் ஃபோன் இல்லாமல் உட்காரும் குழந்தை, தோற்றபின் எதிராளியின் கையைக் குலுக்கும் குழந்தை, இதெல்லாம் மார்க் ஷீட்டில் வராது, ஆனால் ஒரு பெற்றோர் அதற்குக் காசு கொடுக்கலாம்.

புத்தலப்பட்டில் என்ன செய்யலாம்?

இங்கே ஒரு பூகோளச் சிக்கல் இருக்கிறது. தேசியப் போட்டிகளுக்கான தேர்வு மாநிலச் சங்கங்கள் வழியாக நடப்பது. புத்தலப்பட்டுக் குழந்தை ஆந்திரா சார்பில்தான் ஆடணும். ஆந்திர செஸ்ஸின் பெரிய பெயர்களான ஹம்பி, ஹரிகிருஷ்ணா, ஹரிகா எல்லோரும் கிருஷ்ணா–குண்டூர் பக்கம். புத்தலப்பட்டிலிருந்து விஜயவாடா போவது, சென்னை போவதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் தூரம். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு சென்னை. ஆக, கோச் ஒரு மாநிலத்தில், தேர்வுப் போட்டி இன்னொரு மாநிலத்தில். எல்லை எப்படிப் போட்டாலும் குழந்தை பஸ்ஸில்தான் வளரும்.

உதாரணத்துக்கு ஊர் தேடினால் கேரளாவின் மரோட்டிச்சால் இருக்கிறது, திருச்சூர் மாவட்டம். குடியும் சூதாட்டமும் கிராமத்தைத் தின்றுகொண்டிருந்த காலத்தில், உண்ணிகிருஷ்ணன் என்பவர் செஸ் கற்றுக்கொண்டு வந்து தன் டீக்கடையில் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தார், இலவசமாக. பிறகு ஊரே ஆடத் தொடங்கி 'செஸ் கிராமம்' என்ற பெயர் வந்தது. அங்கிருந்து உலக சாம்பியன் யாரும் வரவில்லை. உண்ணிகிருஷ்ணன் அதற்காகச் சொல்லிக் கொடுக்கவும் இல்லை.

நீங்கள் வார இறுதியில் ஊருக்கு வந்துபோகும் ஐடி ஊழியர் என்றால் தேவைப்படுவது குறைவு. சுருட்டி வைக்கும் ரெக்சின் போர்டுகள் பத்து, ஒரு பள்ளி வகுப்பறை, ஞாயிறு காலை இரண்டு மணி நேரம். பயிற்சிப் புதிர்களுக்கு லிச்செஸ் தளம் முழுக்க இலவசம், விளம்பரமும் இல்லை, நன்கொடையில் ஓடுகிறது. நகர்வுகளை எழுதும் முறை எல்லா மொழிக்கும் பொது என்பதால், ஒரு குழந்தை தெலுங்கிலும் இன்னொன்று தமிழிலும் யோசித்தாலும் நோட்டுப் புத்தகத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

தொடங்கும் முன் ஒரு எண்ணை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: 1400. 2024 மார்ச்சில் ஃபிடே தன் ரேட்டிங்கின் அடிமட்டத்தை 1000-லிருந்து 1400-க்கு உயர்த்தியது. ஏற்கெனவே 2000-க்குக் கீழே இருந்தவர்களின் ரேட்டிங்கையும் ஒரு தடவை ஏற்றிவிட்டார்கள். 2000-க்கும் உங்கள் ரேட்டிங்குக்கும் உள்ள வித்தியாசத்தில் 40% சேரும். 1200 இருந்தவர் 1520 ஆனார், 1000 இருந்தவர் 1400 ஆனார். புதிதாக வரும் குழந்தைக்கு இதன் அர்த்தம் வேறு. முன்பு ஓரளவு ஆடத் தெரிந்தாலே 1050 என்று ஒரு எண் பெயருக்குப் பக்கத்தில் வந்துவிடும். இப்போது 1400-க்கு இணையாக ஆடும் வரை அந்த இடம் காலி. பெற்றோரோ கோச்சை அந்த எண்ணை வைத்துத்தான் எடைபோடுகிறார்கள். சென்னையில் வாராவாரம் ஒரு போட்டி கிடைக்கும், குழந்தை சீக்கிரம் அந்த வாசலைத் தாண்டலாம். புத்தலப்பட்டில் சொல்லிக் கொடுக்கப் போகிறவர், காட்டுவதற்கு எந்த எண்ணும் இல்லாமல் முதல் இரண்டு மூன்று வருடத்தை ஓட்ட வேண்டியிருக்கும். அதைப் பெற்றோரிடம் முதல் ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிடுவது நல்லது.